ஐ.பி. கொடுத்தவன்

எங்கள் பக்கத்தில் ஒருவனை மட்டம் தட்டவேண்டும் என்றால் "அவனா, ஐ.பி. கொடுத்தவனாச்சே" என்பார்கள். ஐ.பி. என்றால் திவால் மனு. சிலர் அதை மஞ்சள் கடுதாசி என்பார்கள். எப்படிச் சொன்னாலும் ஊர்ப் பணத்தை வாயில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன் என்றுதான் அர்த்தம். 2023 நவம்பர் 6, திங்கட்கிழமை, டாலஸ் திவால் நீதிமன்றத்தில் நானும் என் மனைவியும் சேர்ந்து சாப்டர் 7 மனு போட்டோம், அதாவது சொத்துக்கணக்கைக் காட்டிக் கடனைக் கழித்துவிடக் கேட்கும் மனு. அன்றிலிருந்து நானும் ஐ.பி. கொடுத்தவன்.

இதை வெளியே சொல்லும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை. போன மாதம் ஒரு நண்பர் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "கிரெடிட் கார்டு கடன் போகும், ஐ.ஆர்.எஸ். கடன் மட்டும் போகவே போகாதாமே?" ஐ.ஆர்.எஸ். என்பது அமெரிக்க வருமான வரித்துறை. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது பாதிதான் சரி. எனக்கு மூன்று வருட வரி பாக்கி இருந்தது. இரண்டு வருடத்துடையது கழிந்துவிட்டது. ஒரு வருடத்துடையது இன்னும் கழுத்தில் கிடக்கிறது. தொகை ஏறக்குறைய ஒன்றுதான், கட்டாமல் விட்ட ஆளும் ஒரே ஆள்தான். வித்தியாசம் தேதிகளில் இருந்தது.

முதலில் கடன் வந்த வழி. 2016இல் கிரீன் கார்டு கையில் வந்தது. 2017 ஜனவரியில் வேலையை விட்டுவிட்டு, அதே மாதிரி வேலையை ஒரு கம்பெனிக்கு நேரடி ஒப்பந்தத்தில் செய்ய ஆரம்பித்தேன். ஒவ்வொரு மாதமும் முழுப் பணம் வந்தது. வரி பிடிக்க ஆள் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாமே கணக்குப் போட்டுக் கட்டவேண்டும். வருமான வரி போக, சுயதொழில் வரி 15.3 சதவீதம் வேறு. சம்பளத்தில் இருந்தவரை அதில் பாதியை முதலாளி கட்டிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் கட்டவில்லை. அம்மாவின் வைத்தியம், சின்னவளின் டே கேர் என்று காரணம் அடுக்கலாம். அந்த வருடம்தான் ஹோண்டா ஒடிஸியும் வாங்கினேன், அதையும் சொல்லவேண்டும்.

2018 ஏப்ரலில் கணக்குப் பார்த்தால் 27 ஆயிரம் டாலருக்கு மேல் வரி. வங்கியில் 4 ஆயிரம் இருந்தது. அதனால் ரிட்டர்ன், அதாவது அந்த வருடத்து வரிக்கணக்கு, ஃபைல் செய்யவில்லை. கட்டப் பணம் இல்லாமல் ஃபைல் செய்தால் நானே வலியப் போய் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகும் என்று ஒரு எண்ணம். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். அந்தக் கம்பெனி எனக்குக் கொடுத்ததை 1099 படிவத்தில் ஏற்கெனவே ஐ.ஆர்.எஸ்ஸுக்குச் சொல்லியாயிற்று. தெரியவேண்டிய இடத்துக்குத் தெரிந்துவிட்டது. போதாததற்கு, வரியைக் கட்டாததற்குத் தண்டம் மாதம் அரை சதவீதம் என்றால் ரிட்டர்னையே போடாததற்கு மாதம் 5 சதவீதம், 25 சதவீதத்தைத் தொடும்வரை. பத்து மடங்கு! பயத்தில் நான் தேர்ந்தெடுத்தது விலை கூடின வழி.

அடுத்த வருடம் ஒரு விருந்தில் கணக்கு வழக்குப் பார்க்கும் அக்கா ஒருவர் அறிமுகமானார். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "பணம் இல்லேன்னா பரவாயில்லப்பா, பேப்பரைக் கொடுத்துடு. பணம் வேற, பேப்பர் வேற." 2018க்கான வரிக்கு அவரே ஏப்ரல் 15க்குள் நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார். 2019 அக்டோபர் 11 அன்று ரிட்டர்ன் போனது, கெடு 15. அதில் பாக்கி சுமார் 25 ஆயிரம். 2019க்கும் அதே கதை. பெருந்தொற்று வருடம் என்பதால் கெடுவை ஜூலை 15க்குத் தள்ளியிருந்தார்கள். நாங்கள் நீட்டிப்பு போட்டு 2020 அக்டோபர் 9 அன்று ஃபைல் செய்தோம். பாக்கி சுமார் 28 ஆயிரம். இரண்டு தடவையும் ரிட்டர்னுடன் ஒரு டாலர்கூட அனுப்பவில்லை.

"2017 முடிச்சாச்சில்ல?" என்று அக்கா முதல் நாளே கேட்டிருந்தார். முடிச்சாச்சு என்று சொல்லிவிட்டேன். முதல் சந்திப்பிலேயே எவ்வளவு அசிங்கத்தைக் காட்டுவது என்ற கூச்சம். அந்த 2017 என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2019 நவம்பரில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, ஃபிரிட்ஜ் மேல் சீரியல் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். பிரிக்கவில்லை. எத்தனையோ நாள் பால் எடுக்கப் போகும்போது அதன் மூலை மட்டும் தெரியும். 2021 பிப்ரவரியில்தான் பிரித்தேன். பதில் சொல்ல 90 நாள் கொடுத்திருந்தார்கள். அது தாண்டிய பிறகு ஐ.ஆர்.எஸ். எனக்குப் பதிலாகத் தானே ஒரு ரிட்டர்ன் தயாரித்து வரியை விதித்தும் முடித்திருந்தது. அந்தக் கணக்கில் தொழில் செலவு கிடையாது, குழந்தைகள் கிடையாது. 50 ஆயிரத்துக்கு மேல் காட்டியது. அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. உண்மையான 2017 ரிட்டர்னைத் தயாரித்து அனுப்பினார், வரி 27 ஆயிரத்துக்கு இறங்கியது. அப்பாடா என்று இருந்தேன்.

இதற்கிடையே 2020 மார்ச்சில் ஒப்பந்த வேலை நின்று, ஒரு வருடம் கிரெடிட் கார்டில் ஓடி, 2021 ஏப்ரலில்தான் மறுபடி சம்பள வேலை கிடைத்தது. அக்டோபரில் சி.பி. 504 என்ற கடிதம். நவம்பரில் எல்.டி. 11. இரண்டாவதுதான் கடைசி எச்சரிக்கை: 30 நாளுக்குள் மேல்முறையீட்டு விசாரணை கேட்கலாம், இல்லையென்றால் சம்பளத்திலும் வங்கியிலும் கை வைப்போம் என்பது அதன் சாரம். அதைப் பிரித்தது என் மனைவி. வரி, தண்டம், வட்டி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து 7 ஆயிரம் டாலர். "இதுல என் பேரும் ஏன் இருக்கு?" என்று கேட்டாள். கூட்டு ரிட்டர்னில் இருவர் கையெழுத்தும் உண்டு, முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. நான் நீட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அன்று ராத்திரி என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

ரேடியோவில் "டாலருக்குப் பத்து சென்ட் கட்டினால் போதும்" என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு முதலில் போன் செய்தேன். என் கணக்கைப் பார்க்காமலே 5,500 டாலர் முன்பணம் கேட்டார்கள். பிறகு அக்கா சொன்ன திவால் வக்கீலம்மாவிடம் போனோம். அவர் மஞ்சள் தாள் அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அமெரிக்க வக்கீல்கள் எல்லோரும் வைத்திருக்கும் அதே மஞ்சள் தாள். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. மஞ்சள் கடுதாசி என்று சும்மாவா சொன்னார்கள்!

அவர் தாளில் மூன்று எண்களை எழுதினார்: 3, 2, 240. வருமான வரிக்கடன் திவாலில் கழியவேண்டுமானால் மூன்றும் தேறவேண்டும். ரிட்டர்ன் போடவேண்டிய கெடு முடிந்து 3 வருடம் ஆகியிருக்கவேண்டும். ரிட்டர்னை உண்மையில் போட்டு 2 வருடம் ஆகியிருக்கவேண்டும். அந்த வரியை ஐ.ஆர்.எஸ். தன் புத்தகத்தில் விதித்து 240 நாள் ஆகியிருக்கவேண்டும். இதோடு மோசடியோ வேண்டுமென்றே ஏய்த்ததோ இருக்கக்கூடாது. ஆட்கள் வைத்துத் தொழில் செய்து, அவர்கள் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் விட்டவர்களுக்கு இந்த வழி கிடையாது. அந்தப் பணம் எத்தனை வருடம் ஆனாலும் கழியாது.

கணக்கு சுலபமாகத் தெரிந்தது. 2019க்கான கெடு 2020 ஜூலை 15, ஆகவே 2023 ஜூலை தாண்டினால் போதும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நீட்டிப்பு வாங்கியிருந்தால் கெடு என்பது நீட்டித்த தேதிதான். எங்களுக்கு 2020 அக்டோபர் 15. மூன்று வருடம் அங்கிருந்து ஓடவேண்டும். ஒரு நாள் முந்தி மனு போட்டாலும் 28 ஆயிரமும் அப்படியே நிற்கும்.

அப்புறம் 2017. அதற்கு அவர் தாளில் ஒரு கோடு போட்டு அடித்தார். ஐ.ஆர்.எஸ். தானே வரி விதித்து முடித்த பிறகு நான் போட்ட ரிட்டர்ன், இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ரிட்டர்னே அல்ல. ரிட்டர்ன் இல்லை என்றால் 2 வருடக் கணக்கு தொடங்கவே தொடங்காது. டெக்சாஸில் இன்னும் கடுமை. லூசியானா, மிசிசிப்பியோடு சேர்ந்து ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருகிறோம். 2012இல் அந்த நீதிமன்றம் மெக்காய் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. கெடு தாண்டிப் போட்ட ரிட்டர்ன், ஒரு நாள் தாமதம் என்றாலும், அந்த வரியைக் கழிக்க உதவாது என்பதுதான் அதன் விளைவு. 2005இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது நுழைத்த ஒரு பத்தியை அப்படிப் படித்திருக்கிறார்கள். வேறு பகுதிகளில் சில நீதிமன்றங்கள் கொஞ்சம் இளக்கமாகப் படிக்கின்றன. நான் குடியிருப்பதோ டெக்சாஸில், இர்விங்கில்.

2017க்கு நேரத்தில் ரிட்டர்ன் போடாமல் விட்டதன் விலை இதுதான். அக்காவிடம் 2019 ஏப்ரலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தாலும் தாமதம் தாமதம்தான், டெக்சாஸில் காப்பாற்றியிருக்காது. ஆனால் 2018 ஏப்ரலில் ஒரு பைசா இல்லாமல் வெறும் பேப்பரை மட்டும் அனுப்பியிருந்தால் 2017உம் சேர்ந்து போயிருக்கும். நான் கைது செய்துவிடுவார்களோ என்று பயந்தது எதைப் பார்த்து என்று இன்றைக்கும் புரியவில்லை.

சரி, அக்டோபர் 2023 வரை இரண்டு வருடம் எப்படி ஓட்டுவது? கடைசி எச்சரிக்கைக் கடிதம் தரும் மேல்முறையீட்டு விசாரணையைக் கேட்டால் வசூல் நிற்கும், ஆனால் அந்தக் காலமும் மேற்கொண்டு 90 நாளும் 3 வருடக் கணக்கில் சேராது. கடிகாரத்தை நாமே நிறுத்திக்கொண்ட மாதிரி. குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும் சமரச விண்ணப்பம் போட்டாலும் 240 நாள் கணக்கு அதே மாதிரி நின்றுவிடும். நல்லவேளை ரேடியோக்காரர்களிடம் மாட்டவில்லை. கிரெடிட் கார்டில் வரியைக் கட்டிவிட்டு அந்தக் கார்டைத் திவாலில் கழிக்கலாமே என்று நான் ஒரு புத்திசாலித்தனமான யோசனை சொன்னேன். அதைச் சட்டம் எழுதினவர்கள் முன்பே யோசித்துவிட்டார்களாம். கழியாத வரியைக் கட்ட வாங்கிய கடனும் கழியாது.

மிஞ்சியது தவணை ஒப்பந்தம். அது வசூலை நிறுத்தும், கடிகாரத்தைத் தொடாது. 2022 ஜனவரியிலிருந்து மாதம் 600 டாலர் கட்டினோம். அந்தப் பணத்தை அவர்கள் தங்கள் வசதிப்படி 2018இல் வரவு வைத்தார்கள். கழியப்போகிற கடனுக்கு 22 மாதம் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரியும். வரிக்கான லீன், அதாவது பாக்கிக்காக நம் சொத்தின் மீது ஐ.ஆர்.எஸ். போடும் பிடி, மட்டும் பதிவாகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பதிவாகியிருந்தால், கடன் கழிந்தாலும் மனு போட்ட நாளில் நம்மிடம் இருந்த சொத்தின் மீது அந்தப் பிடி தொடரும்.

என் சம்பளம் வருடத்துக்கு ஒரு லட்சத்து 18 ஆயிரம் டாலர். சாப்டர் 7க்கு வருமான வரம்புச் சோதனை உண்டே, எப்படி நுழைவது என்று பயந்தேன். அந்தச் சோதனை பெரும்பகுதி நுகர்வுக்கடன், அதாவது சொந்தச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் வாங்கிய கடன், உள்ளவர்களுக்குத்தான். வருமான வரிக்கடன் நுகர்வுக்கடனில் சேராது. எங்கள் கடனில் முக்கால்வாசி வரி என்பதால் அந்தச் சோதனையே எங்களுக்கு இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வரி பாக்கி எனக்கு ஒரு நன்மை செய்தது.

2023 அக்டோபரில் படிவங்கள். உலகத்தில் எங்கே என்ன இருந்தாலும் எழுதவேண்டும். ஊரில் இருக்கும் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு, பழைய லேப்டாப், எல்லாம். நகைக்கு வந்தபோது மனைவி உள்ளே போய்ச் சமையலறைத் தராசைக் கொண்டுவந்தாள். மாவு நிறுக்கும் தராசு. டைனிங் டேபிளில் துண்டை விரித்து வளையல், நெக்லஸ், குழந்தைகளின் முதல் பிறந்தநாள் சங்கிலி என்று ஒவ்வொன்றாக வைத்தாள். நான் கிராமை எழுதினேன். தாலிச் சங்கிலிக்கு வந்ததும் நிறுத்தினாள். கழற்ற மாட்டேன் என்று சொல்லவில்லை. பீரோவிலிருந்து கல்யாண நகை பில்லை எடுத்துவந்து "7 பவுன், 56 கிராம்னு எழுதிக்கோங்க" என்றாள். மொத்தம் 31 பவுன், அன்றைய விலையில் 14 ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல். கடன்காரர்கள் தொடக்கூடாத சொத்துக்கு விலக்குப் பட்டியல் உண்டு. டெக்சாஸில் மாநிலப் பட்டியல், கூட்டாட்சிப் பட்டியல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சொந்த வீடு இல்லாதவர்களுக்கு இரண்டாவது வசதி, வீட்டுக்காக ஒதுக்கியதில் ஒரு பகுதியை மற்ற பொருட்களுக்குத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு நகையும் போகவில்லை. ஆனால் அந்தத் தராசில் இரண்டு வாரம் மாவு நிறுக்கவில்லை அவள்.

இன்னொரு படிவம் கடன்காரர்கள் பட்டியல். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சானிடம் 2020இல் 6 ஆயிரம் வாங்கியிருந்தேன். அவர் பெயரை விட்டுவிடலாமா என்று கேட்டேன். கூடாது. ஒருத்தரையும் விடக்கூடாது. மனு போடுவதற்கு முன் அவருக்கு மட்டும் கொடுத்துத் தீர்த்துவிடலாமா? அதுவும் கூடாது. மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுத்ததை டிரஸ்டி, அதாவது திவால் வழக்கில் சொத்தைக் கவனிக்கும் ஆள், அவரிடமிருந்தே பிடுங்கலாம். ஆக, மச்சான் வீட்டுக்குக் கோர்ட்டிலிருந்து தபால் போகும். மனைவி அண்ணனுக்குப் போன் செய்தாள். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மனு போட்ட நொடியிலிருந்து யாரும் பணம் கேட்டு எழுதவோ கூப்பிடவோ கூடாது, ஐ.ஆர்.எஸ். உட்பட. கோர்ட் கட்டணம் 338 டாலர். டிசம்பரில் கடன்காரர்கள் கூட்டம் என்று ஒன்று. பெயர்தான் கூட்டம், எங்களுடையதில் ஒரு கடன்காரரும் வரவில்லை. வீட்டிலிருந்தபடியே, சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு, டிரஸ்டி கேட்டதற்குப் பதில் சொன்னோம். ஏழு நிமிடம் இருக்கும். எல்லாச் சொத்தையும் சொல்லிவிட்டீர்களா? யாராவது உங்களுக்குப் பணம் தரவேண்டுமா? அடுத்த ஆறு மாதத்தில் யாரிடமிருந்தாவது வாரிசுச் சொத்து எதிர்பார்க்கிறீர்களா? கடைசிக் கேள்வியில் எனக்கு ஒரு விநாடி நாக்கு எழவில்லை. முந்தின நாள்தான் அப்பா வீடியோவில் மாடித் தோட்டத்துக் கத்திரிக்காயைக் காட்டியிருந்தார். 180 நாளுக்குள் அப்படி ஏதாவது வந்தால் அது கடன்காரர்களுக்குப் போகும் என்பதற்காகக் கேட்கும் வழக்கமான கேள்வி. இல்லை என்றேன்.

2024 பிப்ரவரியில் விடுவிப்பு ஆணை வந்தது. முதல் பக்கம் படித்துச் சந்தோஷப்பட்டுப் பக்கத்தைத் திருப்பினால், கழியாத கடன்கள் என்ற பட்டியலில் "பெரும்பாலான வரிகள்" என்று அச்சடித்திருந்தது. மனைவி தாளைக் கீழே வைத்துவிட்டாள். வக்கீலம்மாவுக்கு இந்தப் போன் பழகிப்போனது போல. எல்லோருக்கும் அதே அச்சுத்தாள்தான், எந்த வருட வரி கழிந்தது என்று அதில் எழுத மாட்டார்கள், ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் ஐ.ஆர்.எஸ்ஸின் திவால் பிரிவு தேதிகளைப் பார்த்துச் சரிசெய்யும், பொறுங்கள் என்றார். பொறுத்தோம். மே மாதம் ஒரு ராத்திரி இணையக் கணக்கைத் திறந்து பார்த்தபோது 2018க்கு நேரே பூஜ்யம், 2019க்கு நேரே பூஜ்யம். கிரெடிட் கார்டு கடன் 31 ஆயிரமும் போயிருந்தது.

2017க்கு நேரே 34 ஆயிரத்துச் சொச்சம். தாமதத் தண்டம் மூன்று வருடத்துக்கு மேல் பழசு என்பதால் அது கழிந்தது, வரியும் அதன் வட்டியும் நின்றுவிட்டன. வட்டி அப்போது 8 சதவீதம். அதற்குப் புதுத் தவணை ஒப்பந்தம், ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி 480 டாலர் வங்கியிலிருந்து தானாகப் போகிறது. குடியுரிமை விண்ணப்பத்தில் கெடு தாண்டிய வரி பாக்கி உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. திவாலைவிட அதுதான் எனக்குப் பெரிய முள். ஒப்பந்தத்தையும் கட்டிய ரசீதுகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சானின் 6 ஆயிரமும் சட்டப்படி கழிந்துவிட்டது. அவர் கேட்கக்கூடாது. நானாக விரும்பிக் கொடுத்தால் தடையில்லை என்று வக்கீலம்மா சொன்னார். மாதம் 200 அனுப்புகிறேன். முதல் மாதம் அனுப்பியதும் அவரே கூப்பிட்டார். "எதுக்கு மாப்ள இதெல்லாம்" என்று ஆரம்பித்துவிட்டு, கோர்ட் தபால் பற்றி நான் மன்னிப்புக் கேட்கப் போனதும் பேச்சை மாற்றினார். அது வந்தது நிஜம்தானாம், இன்னும் பிரிக்கவே இல்லையாம், மைக்ரோவேவ் மேல் கிடக்கிறதாம். பிரித்துப் படித்துவிடுங்கள் மச்சான் என்றேன்.